பின் சீட்டுக்கு ஒரு கையெழுத்து

போன வாரம் ஜெயந்தி போன் செய்தாள். திண்டிவனம் பைபாஸில் நான் ஆரம்பித்து நடத்திய பட்டறையை இரண்டு வருடமாக அவள்தான் நடத்துகிறாள். பெரிய பைக்குகளுக்கு இன்ஜின் டியூனிங் செய்யும் பட்டறை அது. வேலை முடிந்ததும் வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குகிற தாளை நிறுத்திவிட்டு டேப்லெட்டுக்கு மாறப்போகிறார்களாம். நல்ல காரியம், முதலில் அதைச் செய் என்றேன். அதற்குப் பிறகுதான் கேட்க வந்ததைக் கேட்டாள்.

"அந்தத் தாள்ல கீழ 'பின் சீட்'டுன்னு ஒரு கட்டம் இருக்குதே பாய், அதுலயும் ஒரு கையெழுத்து வாங்கிக்கினு இருக்கோமே, அது வேணுமா? தனியா வர்ற கஸ்டமருங்க சிரிக்கிறாங்க."

வேணும் என்றேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆறு வருடம் என்னோடு வேலை பார்த்தவளுக்கே இதை நான் சொல்லவில்லை என்றால் காரணம் இருக்கிறது. கதையில் நான் முட்டாளாக நிற்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலம்போல வருமா என்று மூக்கைச் சிந்துவதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. இப்போது எங்கோ கடல் தாண்டி உட்கார்ந்திருப்பவன் மெயிலில் ஒரு ஃபைல் அனுப்புகிறான், அதை வண்டிக்குள் ஏற்றினால் நான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட வேலையில் முக்கால்வாசி முடிந்துவிடுகிறது. எனக்கு அது அப்போதே கிடைத்திருந்தால் என் முதுகு இன்னும் கொஞ்சம் நேராக இருந்திருக்கும். என் பேச்சு மீதிக் கால்வாசியைப் பற்றியது.

டியூனிங் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த டூரிங் பைக்கில் ஆயிரத்து எழுநூறு சிசி இன்ஜின் இருக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சிலிண்டர்கள் கத்தரிக்கோலை விரித்த மாதிரி நிற்கும். எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல், தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதையெல்லாம் வண்டியின் கம்ப்யூட்டர் ஒரு வாய்ப்பாட்டைப் பார்த்து முடிவு செய்யும். சைலன்சரை மாற்றினால், ஏர் ஃபில்டரை மாற்றினால் அந்த வாய்ப்பாடு பொய்யாகிவிடும். புது வாய்ப்பாடு எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில். நன்றாக எழுதுவேன். தன்னைத்தானே புகழ்வது அழகில்லைதான், ஆனால் உண்மையைக் குறைத்துச் சொல்வதும் பொய்தானே.

எனக்குச் சொந்த ஊர் கோட்டக்குப்பம். வீட்டுக்கு ஒருவர் கல்ஃபில் இருப்பது எங்கள் பக்கத்து வழக்கம், எங்கள் வீட்டில் அது நான். ஷார்ஜாவில் ஒரு பைக் பட்டறையில் வண்டி கழுவச் சேர்ந்தேன். மூன்று வருடம் தண்ணீர்க் குழாய், இரண்டு வருடம் ஆயில், அப்புறம் ஸ்பேனர். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது அங்கே தலைமை மெக்கானிக்காக இருந்த ரெனே சாரைப் பற்றி.

ரெனே சார் பிலிப்பைன்ஸ்காரர். குள்ளம், நல்ல தொந்தி, கையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வேலை முடிந்தது என்று நாங்கள் சொன்னதும் வருவார். வண்டியை ஒரு சுற்று சுற்றுவார், இன்ஜின் இழுப்பைக் காட்டும் கிராஃபைப் பார்ப்பார். சரியில்லை என்றால் தப்பு எங்கே என்று சொல்லமாட்டார். சுவரோரம் கிடக்கும் நீல பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து வண்டிக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துவிடுவார். தப்பை நாமே கண்டுபிடிக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். போன் வந்தால் அங்கேயே பேசுவார், சாப்பாட்டு டப்பாவை அங்கேயே பிரிப்பார். சரியானதும் எழுந்து நாற்காலியைச் சுவரோரம் கொண்டுபோய் வைப்பார். அவரிடம் பாராட்டு என்றால் அதுதான். என்னுடைய முதல் டியூனிங்குக்கு அந்த நாற்காலி ஒரு பகல் முழுக்க என் முதுகுக்குப் பின்னால் கிடந்தது.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. டூரிங் வண்டியை ஒப்படைப்பதற்கு முன்னால் பெட்டிகளில் பாரம் ஏற்றச் சொல்வார், நம்மை ஓட்டச் சொல்வார், பின் சீட்டில் தான் ஏறிக்கொள்வார். வெளியே அடுப்புமாதிரி காற்று அடிக்கும், இந்த மனுஷன் இருபது கிலோமீட்டர் பேசாமல் உட்கார்ந்து வருவார். இரண்டு சீட் உள்ள வண்டியில் ஒன்றை மட்டும் பார்த்தால் பாதி வேலைதான் என்று அரைகுறை இந்தியில் சொல்வார். தொந்தியைத் தூக்கிக்கொண்டு ஓசியில் காற்று வாங்கப் போகிறார் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். பதினான்கு வருடத்தில் அவருடைய வேலை எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். இதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஊர் திரும்பியதும் பட்டறைக்குத் திண்டிவனத்தைத் தேர்ந்தெடுத்தேன். சென்னையிலிருந்து தெற்கே போகிற பெரிய பைக்குகள் எல்லாம் இந்த வழியாகத்தான் போக வேண்டும், பாண்டிச்சேரிக்குப் போகிறவனும் இங்கேதான் திரும்ப வேண்டும். ஒரு டைனோவும் வாங்கிப் போட்டேன். பின் சக்கரத்தை ஒரு பெரிய உருளைமேல் நிறுத்தி, வண்டியைப் பட்டையால் கட்டி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு இன்ஜின் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கிற இயந்திரம் அது. ஒரே வருடத்தில் பெயர் பரவிவிட்டது. ஒருமுறை சென்னையிலிருந்து ஒரு வண்டி வந்தது. மூன்று பட்டறையில் பிளக், பம்ப், ஒயர் எல்லாம் மாற்றியும் விக்கல் நிற்கவில்லை. அது கேட்டுக்குள் நுழையும்போதே காற்று எங்கோ திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்றேன். காற்று உள்ளே போகிற இன்டேக் ரப்பரில் தலைமுடி அளவு கீறல், பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அன்று முதல் என் காதுக்கு ஒரு கிராக்கி. எனக்கும் அது தலைக்கு ஏறியது.

அப்படி ஏறியிருந்த சமயத்தில்தான் ஏழுமலை வந்தார்.

அனந்தபுரத்துக்காரர். கரும்பு, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை, ஓரத்தில் கொஞ்சம் சவுக்கு, எல்லாம் சொந்த நிலம். பெங்களூரில் யாரோ வைத்திருந்த ஒரு பெரிய டூரிங் பைக்கை ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். விழுப்புரத்து நண்பர்கள் நாலைந்து பேரோடு மே மாதத்தில் காஷ்மீர் போகத் திட்டம். அதற்காக ஃபில்டரையும் குழாயையும் மாற்றியிருந்தார். இரண்டு சிலிண்டரின் புகையும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே சைலன்சர் வழியாக வெளியே போகிற மாதிரியான குழாய். வண்டி கம்பீரமாக உறுமியது, ஆனால் இழுக்கவில்லை.

ரெனே சார் இருந்திருந்தால் இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனியாக சென்சார் வைக்கச் சொல்லியிருப்பார். பின் சிலிண்டர் குழாயில் சென்சார் வைக்க வேண்டும் என்றால் பெட்டி, தகடு, அடைப்பு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், அரைநாள் போய்விடும். நான் சைலன்சரின் வாயில் ஒரே சென்சாரைச் செருகினேன். என் காதுக்கு அது போதும் என்று நினைப்பு. பெட்ரோலும் காற்றும் அச்சு பிசகாமல் சரியான அளவில் இருப்பதாக அது காட்டியது. டைனோவில் எண்பத்தொன்பது ஹார்ஸ்பவர் வந்தது. கிளியனூர் வரை நானே தனியாக ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெயாக ஓடியது. ஏழுமலை அந்த கிராஃப் தாளை லேமினேட் செய்து வைத்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது.

பத்து நாள் கழித்து மனைவியோடு வந்தார். பெயர் அஞ்சலாட்சி. காஷ்மீருக்கு அவரும் போகிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வண்டியில் ஏறினால் வலது கெண்டைக்கால் சுடுகிறது என்றார். பெரிய இன்ஜின் சுடத்தான் செய்யும், கெட்டியான பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் விடவில்லை.

"மேட்டுல ஏறசொல்ல உள்ள மல்லாட்டை வறுக்குற மாதிரி ஒரு சத்தம் வருது பாய். மணல்ல போட்டு வறுத்தா பொரியும் பாருங்க, அந்தச் சத்தம். இவருக்குக் கேக்கல, ஹெல்மெட்டு மூடிக்கினு பாட்டு கேட்டுக்கினு வர்றாரு."

இன்ஜினுக்குள் மல்லாட்டை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏழுமலையும் சிரித்தார். பின்பெட்டியின் பூட்டு ஆடுகிறது, அந்தச் சத்தமாக இருக்கும் என்று சொல்லி, ஒரு ரப்பரை வைத்து இறுக்கிக் கொடுத்து அனுப்பினேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

இப்போது நினைத்தால் கூசுகிறது. கலவையில் பெட்ரோல் குறைந்து, சூடு ஏறி, தீப்பொறியின் தீ வந்து சேருவதற்கு முன்பே மீதிக் கலவை சிலிண்டருக்குள் தானாக வெடிப்பதை நாங்கள் நாக்கிங் என்போம். இன்ஜினைக் கொல்கிற நோய் அது. அந்தச் சத்தத்தை அதைவிடத் துல்லியமாக எந்த மெக்கானிக்கும் சொல்லிவிட முடியாது. மல்லாட்டை வறுத்த கை சொன்னது, பெரிய காதுக்காரன் கேட்கவில்லை.

கிளம்புவதற்கு நான்கு நாள் இருக்கும்போது மறுபடியும் வந்தார்கள். அஞ்சலாட்சியின் வலது காலில் சாக்குத் துணியை இரண்டாக மடித்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அதற்குக் கீழே தோல் சிவந்து தடித்திருந்தது. ஏழுமலை என்னைத் தனியாக அழைத்துப்போய்ப் பேசினார். தனியாக ஓட்டினால் வண்டி பறக்கிறதாம், மனைவியை ஏற்றினால் மட்டும் மூச்சு முட்டுகிறதாம். பேசாமல் தனியாகவே வந்துவிடு என்று நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். தொழில் தெரிந்தவர், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவளும் ஒத்துக்கொள்வாள் என்றார்.

நான் யோசிக்கக்கூட இல்லை. அந்த அம்மாளுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன். "வண்டில ஒரு கொறையும் இல்லங்க. தனியா போனீங்கன்னா காஷ்மீர் வரைக்கும் கண்ணை மூடிக்கினு போலாம்."

ஒரே வார்த்தையில் ஒருத்தியின் பயணத்தை முடித்துவைத்தேன். அது என்ன பயணம் என்று எனக்கு அப்போது தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து மாட்டை விட்டுவிட்டு ஒரு நாள் சேர்ந்தாற்போல் வெளியூரில் தங்காதவர் அவர். பனி எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது பல வருடத்து ஆசை. இந்த வருடம் கரும்பு வெட்டு முடிந்ததும் வல்லத்திலிருந்து தம்பியை வரவழைத்து, மாடு கன்றையெல்லாம் ஒப்படைத்து, துணிமணிகூட எடுத்து வைத்தாகிவிட்டது.

அஞ்சலாட்சிக்குக் கால் வலித்திருக்க வேண்டும். சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து, வண்டிக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார்.

ரெனே சார் உட்காருவது அப்படித்தான். நாற்காலிகூட அதே நீலம். கையில் வெள்ளைத் துணி மட்டும்தான் இல்லை.

"வண்டி நல்லா இருக்குதுன்றீங்க, சரி," என்றார் அஞ்சலாட்சி. "நான் ஏறனா மட்டும் அது ஏன் கெட்டுப் பூடுது? அதுக்கு ஒரு காரணம் சொல்லுங்க பாய், நான் எழுந்து பஸ் ஏறிப் போறேன்."

கொஞ்ச நேரம் டைனோவைத் துடைக்கிற மாதிரி பாவனை செய்தேன். பிறகு ஏழுமலையிடம் சொன்னேன். "நீங்க ஓட்டுங்க. நான் பின்னால ஒக்கார்றேன்."

அவர்கள் காஷ்மீருக்குக் கொண்டுபோக இருந்த சாமான் அளவுக்குப் பெட்டிகளில் பாரம் ஏற்றினோம். இன்ஜினில் நடப்பதைப் பதிவு செய்ய லேப்டாப்பை ஒயரோடு பைக்குள் போட்டு மார்போடு கட்டிக்கொண்டேன். அஞ்சலாட்சி காலில் இருந்த சாக்கை அவிழ்த்து நீட்டினார். வேண்டாம் என்று பந்தாவாகக் கையை ஆட்டினேன். மத்தியான வெயிலில் விழுப்புரம் ரோட்டில் கிளம்பினோம். இரண்டாவது மேம்பாலம் வருவதற்குள் என் வலது காலில் யாரோ இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்த மாதிரி இருந்தது. பாலத்தின் ஏற்றத்தில் ஏழுமலை ஆக்சிலேட்டரை முறுக்கினார். எனக்குக் கீழே, தெளிவாக, மல்லாட்டை பொரிந்தது.

பட்டறைக்குத் திரும்பி இரண்டு பிளக்கையும் கழற்றினேன். முன் சிலிண்டர் பிளக் கரி படிந்து கன்னங்கரேலென்று இருந்தது. பின் சிலிண்டர் பிளக் சுண்ணாம்பாக வெளுத்து, மிளகுத்தூள் தூவியதுபோல் பொட்டுப் பொட்டாக இருந்தது. அந்தப் பொட்டு பிஸ்டன் உருக ஆரம்பித்ததன் அடையாளம். லேப்டாப்பும் அதையே சொன்னது. ஏற்றம் வரும்போதெல்லாம் பின் சிலிண்டரைக் காப்பாற்ற வண்டியின் கம்ப்யூட்டர் தீப்பொறியைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. மூச்சு முட்டியது அதனால்தான்.

நான் செய்த தப்பு இதுதான். இரண்டு பிள்ளைகளுக்கு எட்டு இட்லி வைத்துவிட்டு, தட்டு காலி ஆனதும் இரண்டு பேரும் நாலு நாலு தின்றார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். முன் சிலிண்டர் ஆறு தின்றிருக்கிறது, பின் சிலிண்டர் இரண்டோடு பட்டினி கிடந்திருக்கிறது. சைலன்சரின் வாயில் இரண்டும் கலந்து வந்ததால் கணக்கு சரியாகத் தெரிந்தது. தனியாக லேசாக ஓட்டும்போது பட்டினி தெரியாது. இரண்டு பேரும் பாரமும் ஏறி, மேட்டில் இழுக்கச் சொன்னால்தான் தெரியும். அந்தப் பட்டினியின் சூடு நேராகப் போய்த் தாக்குவது பின் சீட்டில் இருப்பவரின் வலது காலை.

இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். தப்பு வண்டியில் இல்லை, அம்மாவிடமும் இல்லை, என்னுடையது. தனியாகப் போயிருந்தாலும் முதல் மலை ஏற்றத்தில் பிஸ்டன் ஓட்டையாகியிருக்கும், கண்ணை மூடிக்கொண்டு போகச் சொன்னவன் நான். ஏழுமலை நெடுநேரம் அந்த வெள்ளைப் பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியின் காலைப் பார்த்தார்.

இரண்டு நாள் வேறு வண்டியைத் தொடவில்லை. சின்ன கேமராவை விட்டுப் பிஸ்டனைப் பார்த்தேன், மேலே லேசான தழும்புதான், உயிர் இருந்தது. பெட்டி, தகடு எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி சென்சார் வைத்தேன். முன்னதற்குக் குறைத்து, பின்னதற்குக் கூட்டி, மே மாதத்து வெயிலுக்கும் வழியில் கிடைக்கிற பெட்ரோலுக்கும் தகுந்த மாதிரி தீப்பொறியைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, வாய்ப்பாட்டை முதல் வரியிலிருந்து எழுதினேன். டைனோவில் எண்பத்து நான்குதான் வந்தது.

"பசங்ககிட்ட எம்பத்தொம்போதுன்னு சொல்லிட்டேனே பாய்," என்றார் ஏழுமலை.

"எம்பத்தொம்போது தனியா போறவனுக்கு," என்றேன். "இது ரெண்டு பேருக்கு."

நான்காவது நாள் காலையில் பாரத்தோடு அவர்கள் இருவரும் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். நான் அந்த நீல நாற்காலியை எடுத்து, வண்டி நின்ற இடத்துக்குப் பின்னால் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். நாற்பது நிமிடம். கல்ஃபுக்கு விசா வருமா என்று காத்திருந்தபோதுகூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை.

வந்தார்கள். அஞ்சலாட்சி இறங்கினார். குனிந்து காலில் இருந்த சாக்கை அவிழ்த்து, நாலாக மடித்து, குப்பைக் கூடையில் போட்டார். ஒப்படைக்கிற தாளில் ஏழுமலையின் பெயருக்குக் கீழே நான் பேனாவால் 'பின் சீட்' என்று எழுதி ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். அஞ்சலாட்சி அதை நிதானமாகப் படித்துவிட்டு, பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் தாளை ஏழுமலையிடம் நீட்டினேன். திரும்பிப் பார்க்கிறேன், நடந்து போக வழி இல்லாமல் நடுவில் கிடக்கிறதே என்று அந்த அம்மாள் நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ரெனே சாரை எங்கே தெரியும். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

பன்னிரண்டு நாள் கழித்து ஏழுமலையின் போனிலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்று வந்தது. பேசியது அஞ்சலாட்சி. "பாய், பனியில நிக்கிறோம். காலு வெறைச்சுப் பூச்சு. கொஞ்சம் சூடு மிச்சம் வெச்சிருக்கக் கூடாதா?"

அவர் குரலுக்குப் பின்னால், நின்ற வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிவை மூன்று முறை கேட்டேன். முதல் முறை அவர் பேச்சுக்காக. மற்ற இரண்டு முறை அவருக்குப் பின்னால் கேட்ட இன்ஜினுக்காக, முன் சிலிண்டருக்கு ஒரு முறை, பின் சிலிண்டருக்கு ஒரு முறை. இரண்டும் வயிறார ஓடிக்கொண்டிருந்தன.

அதனால் ஜெயந்தி, அந்தக் கட்டம் டேப்லெட்டிலும் இருக்கட்டும். தனியாக வருகிறவன் சிரித்தால் சிரிக்கட்டும், பாரத்தை ஏற்றி அவனை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் நீ ஏறிக்கொள். கெட்டியான பேன்ட் போட்டுக்கொள்ளாதே.